ஊறலுக்கு ஒரு வில்லை: உள்ளறை ஊறுகாய்களுக்குக் கணக்கு வைத்த பத்தொன்பது மாதங்கள்

இந்தத் தை மாதம் எங்கள் உள்ளறையில் இருந்த ஊறுகாய்கள் அனைத்தையும் எடை போட்டு முடித்தபோது, பதிவேட்டின்படி இருக்க வேண்டியது 46 கிலோ 300 கிராம். தராசு காட்டியது 45 கிலோ 150 கிராம். ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட இந்தக் குறைவில் பெரும்பங்கு எப்படிப் போயிற்று என்பதையும் இப்போது என்னால் சொல்ல முடிகிறது. 2024 ஆனியில் இந்த வேலையில் இறங்கியபோது அந்த அறையில் எத்தனை ஜாடிகள் இருக்கின்றன என்பதுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. இடையில் எழுதுபொருளிலும் எண் கொடுக்கும் முறையிலும் பல முறை தவறினேன். அவற்றையும் வரிசையாகவே எழுதி வைக்கிறேன்.

சென்னையில் இருப்பதுபோல் வேலூரிலும் ஒரு சைதாப்பேட்டை உண்டு. அங்கே எங்களுடையது பழைய ஓட்டு வீடு. கூடத்தை அடுத்து 9 அடிக்கு 7 அடி அளவில் ஜன்னல் இல்லாத ஓர் உள்ளறை. அதன் மேற்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் கடப்பா கல் பதித்த மூன்றடுக்குத் தட்டுகள். எண்பத்து மூன்று வயதாகும் அம்மா ஆண்டுதோறும் பங்குனியில் மாவடு, சித்திரையில் ஆவக்காய், மார்கழியில் எலுமிச்சை, தையில் நெல்லிக்காய், மாசியில் நார்த்தங்காய், மலையிலிருந்து வரும்போது மாகாளிக்கிழங்கு என்று போட்டுக்கொண்டே இருப்பார். ஆரணி, சென்னை, நாசிக் என்று பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கெல்லாம் இங்கிருந்துதான் போகும். நான் ஒரு பள்ளி நூலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்று இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள்.

2024 ஆனியில் ஆரணியில் இருக்கும் மாமாவுக்கு நீண்ட காய்ச்சலுக்குப் பிறகு வாய்க்கு எதுவும் பிடிக்காமல் போனது. அவர் கேட்டது கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளப் பழைய உப்பு நார்த்தங்காய். "கறுத்துப் போனது இருக்கும், அஞ்சு வருஷத்துக்குக் குறையாம, அதைப் பாத்து எடும்மா" என்று அம்மா சொன்னார். நான் கையில் அகப்பட்ட ஜாடியைத் திறந்து கட்டிக் கொடுத்தேன். அது ஓராண்டுக்கு உட்பட்டது. உப்புக் கரிப்பும் தோலின் கசப்பும் இன்னும் தனித்தனியாக நின்றன. மூன்று நாள் கழித்து அரிசி டிரம்முக்குப் பின்னால், வாயில் வேடாகக் கட்டியிருந்த துணி இற்றுப்போன நிலையில், கறுத்து மினுமினுத்த நார்த்தங்காய் இருந்த ஜாடி ஒன்று கிடைத்தது. கேட்ட நோயாளிக்குக் கேட்டதைக் கொடுக்க முடியாமல் போன அந்த வருத்தம்தான் இந்த வேலைக்குத் தொடக்கம்.

முதல் இரண்டு நாள்கள் எல்லாவற்றையும் கூடத்துக்குக் கொண்டுவந்து பாயில் வைப்பதிலேயே கழிந்தன. மேலே பழுப்பும் கீழே வெண்மையுமான பீங்கான் ஜாடிகள் 15, கரிகிரியில் செய்த பச்சை மெருகு ஜாடிகள் 2, கண்ணாடிப் பாட்டில்கள் 19, பிளாஸ்டிக் டப்பாக்கள் 7, ஆக 43. ஒவ்வொன்றின் வெளிப்புறத்தையும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்து, வேட்டுத் துணிகளை மாற்றினோம். இரண்டு டப்பாக்களில் இருந்தவை பூஞ்சணம் பூத்துக் கொட்ட வேண்டியதாயின.

துடைப்பதைக் காட்டிலும் கடினமாக இருந்தது தேதி காண்பது. அம்மா ஒவ்வொரு ஜாடியிலும் தினத்தாளின் பின்புறத்தைக் கிழித்து, தமிழ் ஆண்டின் பெயரையும் மாதத்தையும் எழுதி, மைதாப் பசையால் ஒட்டியிருந்தார். டிரம்முக்குப் பின்னால் கிடைத்த ஜாடியில் "விகாரி, மாசி" என்று இருந்தது. பஞ்சாங்கத்தில் விகாரி ஆண்டு 2019 என்று பார்த்து நான் 2019 என்றே எழுதிவிட்டேன். அதைப் படித்த அம்மா தலையை அசைத்தார். "ஊரடங்கு போட்டாங்களே, அதுக்கு முந்தின மாசம்தான் இதைப் போட்டேன்." அவர் சொன்னதுதான் சரி. விகாரி 2019 ஏப்ரல் நடுவில் சித்திரையோடு பிறந்தது. அதன் தையும் மாசியும் பங்குனியும் 2020 இல்தான் வருகின்றன. ஊரடங்கு 2020 மார்ச் 25 இல் தொடங்கியது. மாசி அதற்குப் பன்னிரண்டு நாள்கள் முன்பே முடிந்திருந்தது. தை முதல் பங்குனி வரை போட்ட ஒன்பது ஜாடிகளுக்கு நான் ஓராண்டு கூடுதலாக வயது கொடுத்திருந்ததை அன்று மாலையே திருத்தினேன்.

இன்னொரு சீட்டு இதைவிடச் சிக்கலானது. எலுமிச்சை ஜாடி ஒன்றில் எண்ணெய் ஊறித் தொடக்க எழுத்துகள் மறைந்து, "பகிருது, மார்கழி" என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. 2022 சித்திரையில் பிறந்தது சுபகிருது. அதை அடுத்தே 2023 இல் பிறந்தது சோபகிருது. மறைந்தது சுவா சோவா என்பதில் முழுதாக ஓராண்டு அடங்கியிருந்தது. நிறத்தை வைத்துச் சொல்ல அம்மா துணியவில்லை. கடைசியில் வீட்டுச் செலவு நோட்டுதான் கைகொடுத்தது. 2022 டிசம்பர் கடைசி வாரத்தில் நேதாஜி மார்க்கெட்டில் எலுமிச்சை இருநூறு வாங்கிய வரி இருந்தது. அடுத்த ஆண்டு அதே மாதம் அம்மா முழங்கால் வைத்தியத்துக்காகச் சென்னையில் இருந்ததால் எலுமிச்சை வாங்கியதாகவே இல்லை. சுபகிருது என்று எழுதி முடித்தேன். இரண்டு ஆண்டுமுறைகளில் எதையும் விட வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்தோம். பதிவேட்டில் இன்று வரை இரண்டும் அடுத்தடுத்த கட்டங்களில் எழுதப்படுகின்றன.

அடுத்து, எழுதியது நிற்க வேண்டும். கடையில் கிடைக்கும் ஒட்டும் லேபிள்களை 140 ரூபாய்க்கும், அழியாது என்று விற்கும் மார்க்கரை 60 ரூபாய்க்கும் வாங்கி, 41 பாத்திரங்களிலும் ஒட்டினேன். தண்ணீருக்கு அந்த மை அசையாது. நல்லெண்ணெய் பட்ட விரலால் இரண்டு முறை தேய்த்தாலே கரைந்து நீலக் கறையாகிவிடும். மூன்று வாரத்தில் பதினாறு லேபிள்கள் படிக்க முடியாமல் போயின. பிறகு அட்டையில் எழுதி லேமினேஷன் செய்து, 210 ரூபாய் செலவில் ஒட்டிப் பார்த்தேன். ஓரத்தில் கத்தரித்த இடத்தின் வழியே எண்ணெய் உள்ளே ஏறி, இரண்டு மாதத்தில் அட்டை கண்ணாடிபோல் ஆகி எழுத்து மங்கியது. ஓரத்தில் அரை சென்டிமீட்டர் பிளாஸ்டிக்கை விட்டுக் கத்தரித்திருந்தால் சில மாதங்கள் கூட நின்றிருக்கும். ஆனால் ஒட்டுவது என்ற முறையே எண்ணெய் கசியும் ஜாடிக்கு ஒத்துவரவில்லை.

ஒட்டுவதை விட்டுத் தொங்கவிடலாம் என்ற யோசனையைத் தந்தவன் நாசிக்கில் வேலை பார்க்கும் என் தம்பி மகன். அது திராட்சைத் தோட்டங்களும் வைன் ஆலைகளும் நிறைந்த ஊர். அங்கே ஒரு நண்பர் வீட்டில் வைன் பாட்டில்களைச் சேர்த்து வைத்திருப்பதை அவன் பார்த்திருக்கிறான். பாட்டில்களைப் படுக்க வைத்து அடுக்கியிருப்பதால் லேபிளைப் படிக்க ஒவ்வொன்றையும் உருவ வேண்டும். உருவினால் அடியில் படிந்த மண்டி கலங்கும். அதனால் பாட்டிலின் கழுத்தில் ஒரு சீட்டை மாட்டி, திராட்சை அறுவடையான ஆண்டையும் திறக்க ஏற்ற காலத்தையும் அதில் எழுதிவிடுகிறார்களாம். "அத்தை, நம்ம ஜாடிக்கும் கழுத்து இருக்கே, வேடு கட்டுற கயித்துலயே மாட்டிடலாம்" என்றான். நான் நான்கு மாதம் தேடிய வழி அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. வேட்டுக் கயிறு எப்போதும் ஜாடியின் கழுத்தில்தான் இருக்கும். வேட்டை அவிழ்த்து மீண்டும் கட்டாமல் யாரும் ஜாடியை மூட முடியாது. எனவே சீட்டு தவறிப்போகவும் வழி குறைவு.

2024 அக்டோபரில் 150 ரூபாய்க்கு மெல்லிய அலுமினியத் தகடு வாங்கி, கத்தரிக்கோலால் வெட்டி, ஆணிமுனையால் எண்களை அழுத்தி எழுதி, கட்டுக்கம்பியால் தொங்கவிட்டேன். பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் உப்பு ஜாடிகளைக் கையாளும் விரல்களில் எப்போதும் உப்புநீர் இருக்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பிப்ரவரிக்குள் தகடுகளில் வெள்ளைப் பொடி பூத்து, எண் எழுதிய குழிகள் அரித்துச் சில இடங்களில் ஓட்டையே விழுந்தது. கட்டுக்கம்பி துருப்பிடித்து வேட்டுத் துணியில் செங்கறை படிந்தது. துரு ஜாடிக்குள் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரே நாளில் அத்தனையையும் கழற்றி எறிந்தேன்.

இறுதியில் நிலைத்தது எவர்சில்வர். நம் ஊரில் கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள் அல்லவா? லாங்கு பஜார் பக்கம் பாத்திரம் வாங்கப் போனபோது, குடத்தின் கழுத்தில் ஒருவர் பெயர் வெட்டும் மெஷினால் புள்ளி புள்ளியாக எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும்தான் இது தோன்றியது. ஒரு பட்டறையில் கழிவுத் தகட்டை 5 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலத்தில் அறுபது வில்லைகளாக வெட்டி, 3 மில்லிமீட்டர் துளை போட்டுத் தந்தார்கள். ஒன்று 7 ரூபாய். எண் வெட்டுவதற்கு ஒன்றுக்கு 6 ரூபாய். ஓரங்கள் கையைக் கிழிக்கும் கூர்மையில் இருந்ததால் ஒவ்வொன்றையும் சிறு அரத்தால் தேய்த்து மழுக்க இரண்டு மாலைகள் பிடித்தன. உள்ளறை வெளிச்சத்தில் புள்ளி எழுத்து கண்ணுக்குத் தெரியாததால், கறுப்பு எனாமலைத் தடவி, அது உலர்வதற்குள் மேற்பரப்பை மட்டும் துணியால் வழித்து எடுத்தேன். குழிகளில் தங்கிய கறுப்பு இன்றும் தெளிவாக இருக்கிறது. கம்பிக்குப் பதிலாகப் பருத்தி நூல் கயிறு. பத்து மாதங்களாக வெந்நீரிலும் உப்பிலும் எண்ணெயிலும் புரண்ட பிறகும் ஒரு வில்லைகூட மாற்ற வேண்டி வரவில்லை.

எண் கொடுக்கும் முறையில் நான் செய்த பிழைகளை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பொருள் சரியாக அமைந்தாலும் எண் தவறாக இருந்தால் மொத்தமும் பயனற்றுப் போகிறது. முதலில் இடத்தை எண்ணாக்கினேன். "மே-2-5" என்றால் மேற்குச் சுவர், இரண்டாம் தட்டு, ஐந்தாவது இடம். நூலகத்தில் அலமாரிகளோடு வாழ்ந்தவளுக்கு இது இயல்பாகத் தோன்றியது. நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் மழையில் மேற்குச் சுவரில் ஓதம் ஏறியபோது, ஜாடிகளை இரவோடு இரவாகக் கூடத்துக்கு மாற்றினோம். சுவர் காய்ந்து மீண்டும் அடுக்கும்போது ஒன்றுகூடப் பழைய இடத்துக்குப் போகவில்லை. தகடுகளில் இருந்த எண்கள் அனைத்தும் ஒரே இரவில் பொருளிழந்தன.

எனவே டிசம்பரில் எண்ணை ஜாடிக்குக் கொடுத்தேன். ஜாடியின் அடிப்பக்கத்தில் எனாமலால் 1, 2, 3 என்று எழுதினேன். இடம் மாறினாலும் ஜாடி மாறாது என்பது என் எண்ணம். ஆனால் ஊறுகாய் ஜாடியில் நிலையாகத் தங்குவதில்லை. 7 ஆம் ஜாடியில் இருந்த எலுமிச்சை பாதி தீர்ந்ததும், அம்மா அதைக் கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, ஜாடியைக் கழுவி வெயிலில் காயவைத்து நெல்லிக்காய் போட்டுவிட்டார். அது முறையான செயல். பாதி வெறுமையான ஜாடியில் மேலே காற்று நிற்பதை அவர் ஒருபோதும் விடமாட்டார். என் பதிவேட்டிலோ 7 ஆம் பக்கத்தில் எலுமிச்சையின் வரலாறும் நெல்லிக்காயின் வரலாறும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டன. பாட்டிலுக்குப் போன எலுமிச்சை பதிவிலேயே இல்லாமல் போயிற்று.

2025 மார்ச்சில், வில்லைகளில் எண் வெட்டக் கொடுப்பதற்கு முன், ஒரு வாரம் யோசித்தேன். நூல் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு புத்தகம் வந்த நாளில் பெறும் எண் அது கிழிந்து நீக்கப்படும் வரை மாறாது. அலமாரி மாறலாம், அட்டை மாறலாம். உள்ளறையில் அதற்கு ஈடானது ஜாடியும் அல்ல, தட்டும் அல்ல. ஒரு நாள் உட்கார்ந்து ஒரே காயும் ஒரே உப்பும் சேர்த்துப் போட்ட ஊறல். ஆகவே எண் ஊறலுக்கு உரியது என்று முடிவு செய்தேன். போட்ட ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், பிறகு அந்த ஆண்டில் எத்தனையாவது ஊறல் என்பது: 20-01, 22-04, 25-02. ஓர் ஊறலை இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்தால் 25-02 அ, 25-02 ஆ. ஊறல் பாத்திரம் மாறும்போது வில்லையும் வேட்டுக் கயிற்றோடு கழன்று கூடவே போகும். எனாமலில் எழுதிய ஜாடி எண்ணை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் ஜாடியின் வெற்று எடையைச் சேர்த்து எழுதினேன். இடத்தை மட்டும் பதிவேட்டில் பென்சிலால் எழுதுகிறேன், அழித்து எழுத வசதியாக. ஊறல், ஜாடி, இடம் ஆகிய மூன்றையும் ஒரே எண்ணில் அடக்க முயன்றதால்தான் ஒன்பது மாதங்கள் வீணாயின.

வைன் பாட்டிலுக்கும் நம் ஜாடிக்கும் உள்ள வேறுபாடு எடையில் வெளிப்பட்டது. பாட்டிலைத் திறந்தால் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். பன்னிரண்டில் ஒன்று போனால் பதினொன்று என்று எண்ணினால் போதும். ஊறுகாய் கரண்டி கரண்டியாகக் குறைகிறது. எவ்வளவு இருக்கிறது என்று அறிய நிறுப்பதைத் தவிர வழியில்லை. 280 ரூபாய்க்கு வாங்கிய வில் தராசில் ஜாடியைத் துணியில் தூளி கட்டித் தொங்கவிட்டேன். அது ஒரே ஜாடிக்கு 200 கிராம் வரை மாற்றி மாற்றிக் காட்டியது. ஒருமுறை தூளி நழுவி ஆவக்காய் ஜாடி என் மடியில் விழுந்தது. தரையில் விழுந்திருந்தால் ஆறு கிலோ போயிருக்கும். அன்றோடு அதை நிறுத்தி, 30 கிலோ வரை நிறுக்கும் மின்னணுத் தராசை 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். ஐந்து லிட்டர் பீங்கான் ஜாடி வெறுமையாகவே 4 கிலோவுக்கு மேல் இருப்பதால் சமையலறைச் சிறு தராசு இதற்குப் போதாது. நிறைந்த ஜாடிகளின் வெற்று எடையை உடனே காண முடியாது. ஒவ்வொன்றும் தீர்ந்து கழுவிக் காய்ந்தபோது நிறுத்து எழுதிக்கொண்டே வந்ததில் அக்டோபர் வரை ஆயிற்று.

பதிவேடு 95 ரூபாய் லாங் சைஸ் நோட்டு. ஓர் ஊறலுக்கு ஒரு பக்கம். மேற்பாதியில் காயின் எடை, கல் உப்பு, எண்ணெய், பொடிகள், போட்ட நாள் இரண்டு முறைகளிலும், அம்மா சொல்லும் திறக்கும் காலம். கீழ்ப்பாதியில் மாதந்தோறும் நிறுத்த எடை. தம்பி மகன் கைப்பேசியில் இதற்கு ஓர் அட்டவணை செய்து கொடுத்தான். எண்ணெய்க் கையோடு கைப்பேசியைத் தொட யாரும் விரும்பவில்லை. முதல் மாதம் நடந்த முப்பது எடுப்புகளில் பதினொன்று அதில் ஏறவே இல்லை. அதன் பிறகு உள்ளறைக் கதவில் ஓர் அட்டையையும் கயிற்றில் கட்டிய பென்சிலையும் தொங்கவிட்டு, நூலகத்தில் புத்தகம் எடுப்போர் சீட்டு எழுதுவதுபோல், நாள், ஊறல் எண், எடுத்த அளவு, எடுத்தவர் என்று நான்கு கட்டங்கள் போட்டேன். தம்பி மனைவி முதல் நாளிலிருந்தே தவறாமல் எழுதினார். அம்மா மட்டும் எழுத மறுத்தார்; எடுத்ததை வாயால் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன்.

இந்த முறை தன் பயனைக் காட்டியது மாவடுவில். முந்தைய ஆண்டு மாவடு மூன்று மாதத்திலேயே கொழகொழவென்று ஆகிவிட்டதால், உப்புக் குறைந்துவிட்டது என்று அம்மாவும், வடு முற்றல் என்று நானும் முடிவின்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 2025 பங்குனியில் பத்து கிலோ வடு வாங்கி, காம்பு சிறிது விட்டுக் கிள்ளி, கழுவி நிழலில் உலர்த்தி, 100 மில்லி விளக்கெண்ணெய் தடவி, கிலோவுக்கு 150 கிராம் கணக்கில் ஒன்றரைக் கிலோ கல் உப்பும், கடுகுப் பொடி, மிளகாய்ப் பொடி, மஞ்சள் பொடியும் சேர்த்துப் போட்டோம். எண் 25-02. ஒரே ஜாடி கொள்ளாததால் இரண்டாகப் பிரித்தோம். இடவசதிக்காக "அ" மேற்குச் சுவரின் மேல் தட்டுக்கும், "ஆ" வடக்கு மூலையில் தரைக்கும் போயின. ஆடியில் "அ" மெத்தென்றாகிவிட்டது. "ஆ" மார்கழியிலும் கடித்தால் சத்தம் கேட்கிறது. வடு ஒன்றே, உப்பு ஒன்றே, போட்ட கை ஒன்றே. முன்பு 380 ரூபாய்க்கு வாங்கி மாட்டியிருந்த வெப்பமானியின் குறிப்பைப் புரட்டினேன்: கத்திரி வெயில் நாள்களில் மாலை நான்கு மணிக்கு மேற்குச் சுவரின் மேல் தட்டில் 38.5 டிகிரி, தரையில் 33. வேலூர் வெயில் பிற்பகல் முழுவதும் அந்தச் சுவரில் அடித்து உள்ளே இறங்குகிறது. ஒரு வீட்டில் ஒரு முறை கண்டதுதான் இது. ஆனாலும் மாவடுவை இனி மேல் தட்டில் வைக்கப்போவதில்லை. அங்கே இப்போது கல் உப்பும் வெற்றுப் பாட்டில்களும் இருக்கின்றன.

எடைகள் ஒருமுறை என்னைத் தவறாக நினைக்கவும் வைத்தன. 20-01 என்று எண் பெற்ற அந்த விகாரி ஆண்டு நார்த்தங்காயைத் திறக்கக் கூடாது என்று வைத்திருந்தோம். சித்திரையில் 1 கிலோ 620 கிராம் இருந்தது ஆனியில் 1 கிலோ 530 ஆகியிருந்தது. கதவு அட்டையில் பதிவு இல்லை. யாரோ எழுதாமல் எடுத்துவிட்டார்கள் என்று மனத்துக்குள் வருந்தினேன். கேட்பதற்கு முன் தராசைச் சோதிக்கலாம் என்று ஐந்து லிட்டர் தண்ணீரை அளந்து நிறுத்தேன், சரியாகவே காட்டியது. பிறகு திறக்காத மற்ற உப்பு ஊறல்களைப் பார்த்தால் அவையும் 40, 60 கிராம் என்று குறைந்திருந்தன. எண்ணெய் மிதக்கும் ஆவக்காய் மட்டும் அசையவில்லை. வேட்டுத் துணி வழியே கோடையில் ஈரம் போயிருக்கிறது. கார்த்திகையில் அதே நார்த்தங்காய் 1 கிலோ 560 காட்டியது. மழைக்காலத்து ஈரத்தை உப்பு திரும்ப இழுத்துக்கொண்டது. யாரையும் கேட்காமல் இருந்தது நல்லதாயிற்று. தை மாதச் சரிபார்ப்பில் குறைந்த 1 கிலோ 150 கிராமில் 800 கிராமுக்கு மேல் இப்படிப்பட்ட உப்பு ஊறல்களில்தான் இருந்தது. அதனால் இப்போது உப்பு ஊறலுக்கு வேட்டுத் துணிக்கு அடியில் ஜாடியின் பீங்கான் மூடியையும் வைத்துக் கட்டுகிறேன்.

ஐப்பசியில் எலுமிச்சை ஊறல் ஒன்றின் மேல் வெள்ளை பூத்தது. கதவு அட்டையைப் பார்த்ததில் நான்கு நாள் முன்பு விருந்தாளிகள் வந்த அன்று எடுத்தது தெரிந்தது. ஈரக் கரண்டி போயிருக்க வேண்டும். அந்த ஊறல் இரண்டு பாட்டில்களில் இருந்ததால் "ஆ" தப்பியது. ஒரு வகையில் ஒரு நேரத்தில் ஒரு பாத்திரம்தான் திறந்திருக்க வேண்டும் என்ற விதியை அதற்குப் பிறகு வைத்தோம்.

செலவைச் சொல்கிறேன். நிலைத்தவை: வில்லைகளும் எண் வெட்டுக் கூலியும் 780, தராசு 1,650, நோட்டு 95, வெப்பமானி 380, எனாமலும் தூரிகையும் 135, ஆக 3,040 ரூபாய். வீணானவை: லேபிள், மார்க்கர், லேமினேஷன், அலுமினியம், வில் தராசு எல்லாம் சேர்ந்து 840 ரூபாய். கயிறும் வேட்டுத் துணியும் வீட்டில் இருந்தவை.

மீண்டும் தொடங்குவதாக இருந்தால், ஜாடியை நிரப்புவதற்கு முன் நிறுப்பதை முதல் நாளே தொடங்குவேன். அது ஒன்றே ஏழு மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும். வில்லையில் இரண்டு துளைகள் போடச் சொல்வேன், ஒரு துளையில் அது சுழன்று எண் பின்பக்கம் போய்விடுகிறது. எண்ணுக்குக் கீழே தமிழ் ஆண்டின் பெயரையும் வெட்டச் சொல்வேன். அம்மாவுக்கு 25-02 என்பது எதையும் சொல்வதில்லை, விசுவாவசு என்றால் உடனே சொல்கிறது. 25-02 போட்டது பங்குனியில் என்பதால் அது குரோதி ஆண்டு என்று நான் இதை எழுதும்போதே அவர் திருத்தினார். கண்ணாடிப் பாட்டில்களின் தகர மூடிகள் உப்பில் துருப்பிடிப்பதற்கு இன்னும் வழி காணவில்லை. இப்போதைக்கு மூடியை எடுத்துவிட்டு, வாழையிலை வாட்டி வைத்து அதன்மேல் வேடு கட்டிப் பார்க்கிறோம்.

சரிபார்ப்பு முடிந்த மறுநாள் 20-01 ஐத் திறந்தோம். ஆறு ஆண்டுகள் நிறைய ஒரு மாதம் இருந்தது. கறுப்பு, ஆனால் விரலால் அழுத்தினால் மெழுகுபோல் இளகியது. கசப்பு தேடினாலும் இல்லை. அம்மா ஒரு சிறு பாட்டிலில் நான்கு துண்டுகளைப் போட்டு மூடி, தராசில் தானே வைத்துப் பார்த்துவிட்டு, கதவுப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். நான் பிறகு போய்ப் பார்த்தபோது அட்டையில் அவருடைய சாய்ந்த எழுத்தில் ஒரு வரி இருந்தது: "தை 10. விகாரி நார்த்தங்காய் (20-01). 120 கிராம். ஆரணி மாமாவுக்கு. எடுத்தவர்: அம்மா."